வெள்ளிக்கிழமைத் தேன் கேக்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
12-6-1999

அன்புள்ள உஷாவுக்கு ருக்கு எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

நீ கொடுத்தனுப்பிய பால் பவுடர் டின்களும் சாக்லேட் பெட்டியும் வந்து சேர்ந்தன. நான் பெட்டியைப் பிரிப்பதற்குள் உன் மகள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எதிர்வீட்டுச் சின்னத்தாயி வந்து பார்த்துவிட்டு, பெற்ற தாய் மஸ்கட்டில் இருந்தாலும் பிள்ளையைப் புஷ்டியாக வைத்திருக்கிறாய் என்று என்னைப் புகழ்ந்தாள். அவள் போனதும் வைஷ்ணவிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

ஸ்கூல் திறந்துவிட்டது. நாலாம் கிளாஸ். போன வருஷத்து யூனிஃபார்ம் ஒன்றுகூட ஏறவில்லை. டெய்லர் இடுப்பை அளந்து பார்த்துவிட்டு, ஹைஸ்கூல் பிள்ளையா என்று கேட்டார். ஒன்பதரை வயது என்றேன். மறுபடி ஒருமுறை அளந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. துணி அவர் வீட்டுத் துணியா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கூல் டைரியில் டீச்சர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலீஷில் இருந்ததால் உன் அண்ணன்தான் படித்துச் சொன்னார். குழந்தையின் கழுத்து அழுக்காக இருக்கிறது, தினமும் குளிப்பாட்டி அனுப்பவும் என்று போட்டிருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. என் தம்பி ஷங்கர் உன்னையும் பிள்ளையையும் விட்டுக் கண்ணை மூடி நாலு வருஷம், நீ நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறி மூன்று வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் அவளை ஒரு நாள் குளிக்காமல் அனுப்பியிருப்பேனா? கழுத்தைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் இருப்பது உண்மைதான். பயத்தம் மாவு போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தேன். நேற்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்ததில் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. கருப்பு மட்டும் போகவில்லை. அவள் அழுதாள். நான் விடவில்லை. பெற்றவள் இல்லாத பிள்ளை என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன்.

அங்கே நல்ல சோப்பு கிடைத்தால் அனுப்பு. ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ உள்ளே வைத்திருக்கிறேன்.

ருக்கு

மஸ்கட்
1-7-1999

அன்புள்ள அக்கா,

அந்தக் கழுத்தைத் தேய்க்காதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

போட்டோவைப் பார்த்தேன். முதலில் என் மகளை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் உங்கள் புடவையைப் பார்த்துத்தான் அது வைஷ்ணவி என்று புரிந்தது. எங்கள் வார்டில் இருக்கும் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினேன். அவர் கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டார். அவள் அப்பாவைப் பெற்றவருக்கு இருந்தது என்றேன். அது அழுக்கு இல்லை அக்கா. எடை மிகவும் கூடிப்போன குழந்தைகளுக்குத் தோல் அப்படிக் கருத்துத் தடிக்கும். சர்க்கரை வியாதி பின்னால் வரலாம் என்று உடம்பு முன்கூட்டியே சொல்வது. எந்த சோப்பாலும் போகாது. எடை இறங்கினால் தானாக மங்கும்.

நான் நர்ஸ். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தினம் பத்துக் குழந்தைகளின் எடையை நான் எழுதுகிறேன், என் மகளின் எடை எனக்குத் தெரியாது. உடனே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டி, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள்.

அவளுக்கு அப்படி என்னதான் கொடுக்கிறீர்கள்? காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். மறைக்க வேண்டாம். குறை சொல்லக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

உஷா

ஸ்ரீராம்புரம்
22-7-1999

உஷாவுக்கு,

குறை சொல்லக் கேட்கவில்லை என்று எழுதிவிட்டுத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். உன் கடிதத்தை உன் அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தார். ரெண்டு நாள் எனக்கு வீட்டு வேலை ஓடவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். காலையில் நீ அனுப்பும் பால் பவுடரில் பெரிய டம்ளர் பால், நாலு ஸ்பூன் சர்க்கரை. அப்புறம் நெய் தோசை மூன்று, சில நாள் நாலு. டிபன் பாக்ஸில் லெமன் ரைஸ், கூட சிப்ஸ். சாயங்காலம் வந்ததும் பசி என்பாள், பிரெட்டில் ஜாம். அதற்கப்புறம் டிவி முன்னால் உட்கார்ந்தால் முறுக்கோ பிஸ்கட்டோ கையில் இருக்கும். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே நான் ஊட்டுவேன், அவள் வாயைத் திறப்பாள். எவ்வளவு போனது என்று அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நீ அனுப்பும் சாக்லேட் கணக்கில் வராது, அது உன்னுடையது.

கழுதை மாதிரி வளர்ந்தவளுக்கு ஊட்டுவானேன் என்று கேட்பாய். நீ போன முதல் பதினோரு நாள் அவள் ஒரு வாய் சோறுகூட இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினோம். அப்போது நீ எழுதிய கடிதம் என் பீரோவில் இருக்கிறது. 'எதைக் கேட்டாலும் கொடுங்கள் அக்கா, எப்படியாவது சாப்பிட வையுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதியதைத்தான் செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ராதாவின் எஸ்டிடி பூத்துக்கு நீ போன் செய்கிறாய். உன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். நீ போனை வைத்ததும் பூத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுவாள். முதல் தடவை என்ன செய்வதென்று தெரியாமல் முனையில் இருக்கும் அய்யங்கார் பேக்கரிக்குக் கூட்டிப்போய் ஒரு தேன் கேக் வாங்கிக் கொடுத்தேன். அழுகை நின்றது. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் தேன் கேக். ஒன்று இரண்டாகி, கூட ஒரு பஃப். இப்போதெல்லாம் வியாழக்கிழமையே கேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். உன் போனுக்குக் காத்திருக்கிறாளா கேக்குக்கா என்று எனக்கே தெரியாது.

ஒக்கலிபுரத்தில் டாக்டர் சந்திரம்மாவிடம் காட்டினேன். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். எடை ஐம்பத்தொன்று. இந்த வயதுக்கு முப்பது இருந்தால் போதுமாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. இன்னும் வியாதி இல்லை, ஆனால் வாசல்படியில் வந்து நிற்கிறது என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்: "பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வெக்காதீங்கம்மா. வீட்ல எல்லாரும் என்ன தின்றீங்களோ அதையேதான் அவளும் தின்னுவா. நீங்க மாறுங்க, அவ மாறுவா. திட்டாதீங்க, குண்டுன்னு சொல்லாதீங்க. தின்பண்டத்தைப் பரிசா கொடுக்காதீங்க. தினம் ஒரு மணி நேரம் ஓடி ஆடணும்."

எல்லாம் சரி. அழுதால் என்ன கொடுப்பது என்று அவரிடம் கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ருக்கு

மஸ்கட்
10-8-1999

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் போன் செய்யவே கை வரவில்லை. எல்லாத் தப்பும் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அந்த வசதி போய்விட்டது.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் குரலைக் கேட்டால்தான் அழுகிறாள், அழுதால்தான் கேக். ஆகவே கொஞ்ச நாளைக்கு நான் போன் செய்யப்போவதில்லை. கடிதம் எழுதுகிறேன். எழுத்தில் அவ்வளவு ஏங்க மாட்டாள். பேக்கரிக்குப் போகும் பழக்கம் தானாக விட்டுப்போகும்.

இத்துடன் ஒரு உணவு அட்டவணை வைத்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் கேட்டு நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி எழுதியது. காலை இரண்டு இட்லி, சர்க்கரை போடாத பால். சாயங்காலம் வெள்ளரிக்காய், கேரட். ராத்திரி இரண்டு சப்பாத்தி, கீரை. சுவரில் ஒட்டி வையுங்கள். டிவியை ஏழு மணிக்கு அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் எடை பார்த்து எனக்கு எழுதுங்கள்.

என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நீட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. அவள் உடம்பு சரியானால் நீட்டிக்கலாம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. சரியாகாவிட்டால் வந்துவிட வேண்டும். அவள் எடையை வைத்து என் வாழ்க்கையை முடிவு செய்வது போல் இருக்கிறது, ஆனால் வேறு எதை வைத்து முடிவு செய்ய?

உஷா

ஸ்ரீராம்புரம்
16-9-1999

உஷாவுக்கு,

பிள்ளையார் சதுர்த்தி முடிந்து மூன்று நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை எழுதி இரண்டு தரம் கிழித்துப் போட்டேன்.

நீ அனுப்பிய அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். அவளுக்கு அட்டவணைப்படி, எங்களுக்கு வழக்கப்படி. டாக்டர் அப்படிச் செய்யாதே என்று சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் அண்ணன் கார்ப்பரேஷனில் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வருகிறார், அவர் தட்டில் வெள்ளரிக்காயை எப்படி வைப்பேன்? அவருக்குச் சோறும் குழம்பும் அப்பளமும், பக்கத்தில் இவளுக்கு இரண்டு சப்பாத்தி. அவள் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

போன மாதக் கடைசியில் ராதா என்னைக் கூப்பிட்டாள். "ருக்கக்கா, உங்க பிள்ளை நாலு வாரமா வெள்ளிக்கிழமையானா இங்க வந்து நிக்குது. போன் அடிச்சா நீங்க எடுக்காதீங்க, நான் எடுக்கறேன்னு சொல்லுது. எட்டு மணிக்குக் கடை சாத்தும்போதுதான் போவுது." டியூஷனுக்குப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஏன் அங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் குண்டாயிட்டேன்னு அம்மாவுக்குக் கோவம். ஒல்லியானாதான் பேசுவாங்க."

ஸ்கூலில் அவளை 'டும்மி' என்று கூப்பிடுகிறார்களாம். கன்னடத்தில் குண்டு என்று அர்த்தம். ஓட்டப்பந்தயத்தில் நிற்க வைத்துவிட்டு, நீ மட்டும் உட்கார் என்று சொல்லிவிட்டார்களாம். இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

சதுர்த்தி அன்றைக்கு வீட்டில் கொழுக்கட்டை. அவளுக்கு ஒன்று என்று சொல்லி வைத்தேன். மத்தியானம் அவளைக் காணோம். தேடினால், நீ அனுப்பிய பால் பவுடர் டின்னை எடுத்துக்கொண்டு குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் தட்டித் திறந்தேன். பவுடரை அப்படியே கையால் அள்ளி அள்ளித் தின்றிருக்கிறாள். வாய், மூக்கு, சட்டை எல்லாம் வெள்ளை. இருமல் வந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள்.

நான் அடித்துவிட்டேன் உஷா. மூன்று வருஷத்தில் முதல் தடவை. முதுகில் இரண்டு அறை. அவள் அழவில்லை. ஸாரி அத்தே, ஸாரி அத்தே என்று சொல்லிக்கொண்டே தரையில் கொட்டிய பவுடரைக் கையால் கூட்டி டின்னுக்குள் போட்டாள். உன் அண்ணன் பண்டிகைச் சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை.

ஊரார் பிள்ளையை வளர்ப்பதில் இருக்கும் கஷ்டம் இதுதான். ஒல்லியானால் சாப்பாடு போடவில்லை என்பார்கள். குண்டானால் நீ சொல்கிறாய். அடித்தால் யார் என்ன சொல்வார்கள் என்று நான் இதுவரை யோசித்ததில்லை, இப்போது தினம் யோசிக்கிறேன்.

எடை ஐம்பத்திரண்டு.

ருக்கு

மஸ்கட்
3-10-1999

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வார்டில் துணி அடுக்கும் அறையில் நின்று படித்தேன். அங்கேதான் யாரும் வர மாட்டார்கள்.

போனை நிறுத்தியது நான் செய்ததிலேயே மோசமான காரியம். நோயாளியின் வலிக்குக் காரணம் தெரியாமல் மருந்தை நிறுத்தியது போல் செய்துவிட்டேன். வருகிற வெள்ளியிலிருந்து பழையபடி போன் செய்கிறேன். பேசி முடித்ததும் அழுவாள். அழட்டும் அக்கா. பேக்கரி இல்லாத பக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். அழுகைக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. கூட ஆள் இருந்தால் போதும்.

பால் பவுடர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாதம் ஒரு நாள் எங்களை ஆஸ்பத்திரி வேனில் பெரிய கடைக்குக் கூட்டிப்போவார்கள். அந்த ஒரு மணி நேரம் டின்னை எடுத்துப் பார்த்து, சாக்லேட்டில் எது அவளுக்குப் பிடிக்கும் என்று யோசித்துக் கூடையில் போடும்போதுதான் நான் அவளுக்கு அம்மாவாக இருப்பேன். மற்ற நேரமெல்லாம் சிஸ்டர் உஷா. அந்த ஒரு மணி நேரத்துக்காக மூன்று வருஷமாக அவளுக்கு வியாதியை வாங்கி அனுப்பியிருக்கிறேன். இனி எதுவும் வராது.

நீங்கள் அடித்ததற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைக்கிறேன். கோபம் இருக்கிறது. நான் அங்கே இல்லாதபோது கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். டாக்டர் சந்திரம்மா சொன்னதுதான் சரி. மூன்று பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்கள். அண்ணனிடம் நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் பிஸ்கட், சிப்ஸ் வாங்கி வைக்காதீர்கள், இருந்தால்தானே எடுப்பாள். எடையை இனி எனக்கு எழுத வேண்டாம். அவள் அன்றைக்கு என்ன விளையாடினாள் என்று எழுதுங்கள்.

உஷா

ஸ்ரீராம்புரம்
25-11-1999

அன்புள்ள உஷாவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவரே, எனக்கும் ரெண்டு இட்லி போதும் என்றார். அன்று சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து அவரே பழகிக்கொண்டார். இப்போது வீட்டில் மூன்று நாள் ராகிக் களியும் கீரையும், மற்ற நாள் அளவாகச் சோறு. எண்ணெய் பாதியாகிவிட்டது. டிவி இருக்கும் அறையில் தட்டைக் கொண்டுபோவதில்லை. சமையலறையில் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்துகொள்கிறோம். ஊட்டுவதை நிறுத்திவிட்டேன். முதல் நாள் அவள் தன் கையால் சாப்பிட்டுவிட்டு, போதும் அத்தே என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதே இல்லை.

தினம் காலையில் மூன்று பேரும் நடக்கிறோம். உன் அண்ணன் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஆடி அசைந்து. சாயங்காலம் சின்னத்தாயி பேத்திகளோடு சந்தில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறாள். ஒற்றைக் காலில் மூன்று கட்டம் தாண்டிவிட்டு மூச்சு வாங்க நிற்பாள். நேற்று ஆறு கட்டம் தாண்டினாள். வெள்ளிக்கிழமை உன் போனுக்கு அப்புறம் நீ சொன்னபடி நடந்துவிட்டு வருகிறோம். இரண்டு வாரம் அழுதாள். மூன்றாவது வாரம் நீ என்னென்ன சொன்னாய் என்று வழி நெடுக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். எடையை எழுத வேண்டாம் என்றாய், இருந்தாலும் சொல்கிறேன், மூன்று கிலோ இறங்கியிருக்கிறது.

சந்தோஷமாகத்தான் இந்தக் கடிதத்தை முடிக்க வேண்டும். ஆனால் மனசு ஆறவில்லை. உன்னிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். உன் அண்ணனுக்குக்கூட இது தெரியாது.

முதல் வருஷம் அவள் சாப்பிடாமல் கிடந்தபோது பயந்துதான் ஊட்டினேன். அது நிஜம். இரண்டாம் வருஷம் அந்தப் பயம் போய்விட்டது. அப்புறமும் ஊட்டினேன். வயிறு நிறைந்தால் அவள் உன்னைக் கேட்க மாட்டாள். அதைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் நெய்ச் சோறு ஊட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தபோது தூக்கக் கலக்கத்தில் என்னை அம்மா என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை என்று தெருவே பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு சொல்லில் அழிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவள் பசி என்று சொல்வதற்கு முன்னாலேயே தட்டைக் கொண்டுபோனேன். அவள் இடுப்பு பெருக்கப் பெருக்க, அவள் எனக்கு அதிகமாகச் சொந்தமாகிறாள் என்று நினைத்தேன். டெய்லர் அளந்தபோது எனக்கு வந்தது எரிச்சல் மட்டும் இல்லை, உள்ளுக்குள் ஒரு பெருமையும்தான்.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நீ என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். சொல்லிவிட்டேன்.

ருக்கு

மஸ்கட்
14-12-1999

அக்கா,

நான் கையெழுத்துப் போடவில்லை. ஜனவரி எட்டாம் தேதி வருகிறேன். வைட்ஃபீல்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, குவார்ட்டர்ஸும் தருகிறார்கள். பக்கத்து ஸ்கூலில் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் அவளை அங்கே கூட்டிப்போகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுத முயற்சி செய்தேன். முடியவில்லை. நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வார்டில் ஒரு குழந்தைக்கு ஒவ்வொரு முறை இன்சுலின் ஊசி போடும்போதும் நீங்கள் எழுதிய அந்த வரிகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஒரு ஆறு மாதத்துக்கு எங்களைப் பார்க்க வர வேண்டாம். அவள் பழக்கம் மாறட்டும். அதற்கப்புறம் நானே கூட்டி வருகிறேன். அப்போதும் தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு பிஸ்கட்கூட வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

உஷா

வைட்ஃபீல்ட்
12-7-2000

அன்புள்ள அக்கா,

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது விசித்திரமாக இருக்கிறது. ஆனால் இதை நேரில் சொல்ல என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தபோது சொல்லலாம் என்றுதான் இருந்தேன், வாய் வரவில்லை.

போன மாதம் வைஷ்ணவிக்கு ரத்தப் பரிசோதனை செய்தேன். வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தாறு. மறுபடி எடுத்தும் அதேதான். வியாதி வந்துவிட்டது. பத்தரை வயதில் மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் அவள் எடை மூன்று கிலோ இறங்கியது. என் வீட்டில் ஏழு கிலோ ஏறியது. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். எனக்கு வாரத்தில் நாலு நாள் மத்தியான ஷிஃப்ட். அவள் நாலு மணிக்கு வந்து தானே கதவைத் திறந்துகொள்வாள். நான் வர ஒன்பது ஆகும். ஃபிரிட்ஜில் நறுக்கிய பழம், சுண்டல், எல்லாம் டப்பாவில் பெயர் எழுதி வைத்திருப்பேன். திரும்பி வந்து பார்த்தால் டப்பா காலியாக இருக்கும், எனக்குப் பெருமையாக இருக்கும். போன மாதம் கட்டிலைத் தள்ளிப் பெருக்கும்போதுதான் நூடுல்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் கவரும் ஒரு மூட்டையாகக் கிடைத்தன. டப்பாவில் இருந்ததை வாட்ச்மேனுக்குக் கொடுத்திருக்கிறாள். கேட்டதற்கு, வீட்டில் யாரும் இல்லை என்று மட்டும் சொன்னாள். எல்லாம் தெரிந்த நர்ஸ் வீட்டில்தான் வியாதி வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. உங்கள் மேல் நான் சுமத்தியதையெல்லாம் இப்போது யார் மேல் இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் விதித்த கெடு முடிந்து அவளைக் கூட்டி வந்தேன். நீங்கள் நான் எழுதியபடியே நடந்துகொண்டீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்டீர்கள். அவள் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

மெஜஸ்டிக்கில் பஸ் மாறினோம். உட்கார இடம் கிடைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்: "அத்தைக்கு எம்மேல கோவமாம்மா? ஒண்ணுமே கொடுக்கலையே."

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் அக்கா? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மத்தியான ஷிஃப்ட் நாட்களில் அவளோடு இருக்க எனக்கு ஆள் வேண்டும். கேட்கிற தகுதி எனக்கு இல்லை. வர வேண்டாம் என்று எழுதிய அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

உஷா

ஸ்ரீராம்புரம்
17-7-2000

உஷாவுக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணனைப் படிக்கச் சொன்னேன், பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான்தான் படித்தேன்.

அவளிடம் சொல். அத்தைக்கு அவள் மேல் கோபம் இல்லை. உன் மேல் கோபம் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. இரண்டையும் நாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம், அவளிடம் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு நீங்கள் வருவதற்கு முன்னால் வீட்டில் இருந்த வாழைப்பழத்தைக்கூட எடுத்து மறைத்து வைத்தேன். கொடுத்துவிடுவேனோ என்று பயம். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்கென்று நினைத்தாய்? அந்தக் கையை எடுத்து அவள் தலையைத் தடவலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் தட்டு இல்லாமல் நான் அவள் பக்கத்தில் போனதே இல்லை. இது என் புத்தி.

வரும் திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன். காலையில் உன் அண்ணனை அனுப்பிவிட்டு, வீட்டு வேலையை முடித்து மத்தியானம் கிளம்பினால் இரண்டு பஸ் மாறி மூன்றரைக்குள் ஸ்கூல் வாசலில் இருப்பேன். வீட்டுக்கு நடத்தியே கூட்டிப்போகிறேன். அவளையும் உட்கார வைத்துக்கொண்டு கீரை ஆய்கிறேன், அவளே சமைக்கட்டும், இரண்டு பேரும் அதையே சாப்பிடுகிறோம். மாத்திரையை எப்போது கொடுப்பது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதி வை. நீ ஒன்பது மணிக்கு வரும்வரை இருக்கிறேன். அதற்கப்புறம் பஸ் கிடையாது, நாலு நாளும் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். உன் அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார்.

ஒரு உதவி செய். நான் வெறுங்கையோடுதான் வருவேன் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை. ஸ்கூல் விட்டு ஓடி வந்தால் முதலில் என் கையைத்தான் பார்ப்பாள். அப்போது அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ருக்கு